மூன்று விநாடிப் பச்சை

நாத்தனார் அன்று காலையில் நாலாவது தடவையாகப் போன் செய்யாமல் இருந்திருந்தால், அந்த விளக்கின் குட்டு வெளிப்பட்டே இருக்காது.

"அண்ணி, நாளைக்கு எத்தனை மணியிலேருந்து தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"ராத்திரி பன்னண்டுலேருந்து. இதைச் சொல்றது மூணாவது தடவை."

"சரி, பல் தேய்க்கறப்போ ஒரு வாய் உள்ள போயிட்டா?"

"துப்பு."

"துப்பறதுக்கு முன்னாடியே போயிட்டா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. அண்ணிக்காரி கணினியில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவை ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்றாள். நாத்தனாரோடு பேசுவதென்றால் உட்கார்ந்துகொண்டு முடியாது. அவள் வாயாடி. அவளுக்கும் அண்ணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன்காரன் கல்யாணமான இரண்டாவது வருஷமே பேசுவதைக் குறைத்துக்கொண்டு, இப்போது தலையாட்டுவதோடு சரி.

அண்ணிக்காரியை அலுவலகத்தில் கழுகு என்று கூப்பிடுவார்கள். பெயர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், திரைச்சீலை போட்டு வெளிச்சத்தை மறைத்த நீளமான அறை. அங்கே பித்தப்பை ஆபரேஷன் வீடியோக்களைப் பார்ப்பதுதான் வேலை. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டாக்டர் டிவியைப் பார்த்துக்கொண்டே செய்கிற ஆபரேஷன் அது. கல்லீரலுக்கு அடியில் தொங்கும் பையோடு இரண்டு சமாசாரங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று சின்னப் பித்தக்குழாய், இன்னொன்று ரத்தக்குழாய். இரண்டுக்கும் கிளிப் போட்டு வெட்டினால் பை கையோடு வந்துவிடும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பக்கத்திலேயே பெரிய பித்தக்குழாய் ஒன்று போகிறது. கொழுப்பும் வீக்கமும் மூடிக் கிடக்கும்போது பெரியது சின்னது மாதிரியே தெரியும். அதைத் தவறி வெட்டிவிட்டால் அந்த மனுஷரின் வாழ்க்கையே தலைகீழாகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் கொழுப்பையெல்லாம் விலக்கி, பைக்குப் போவது இரண்டு, இரண்டே இரண்டு என்று முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட வேண்டும்.

இதைப் பார்த்துச் சொல்லத்தான் ஒரு மெஷினைப் பழக்கியிருந்தார்கள். ஆபரேஷன் ஓடும்போது கேமரா காட்டும் படத்தையே அதுவும் பார்க்கும். டிவியின் மூலையில் ஒரு சின்ன விளக்கு. இன்னும் தெளிவாகவில்லை என்றால் சிவப்பு, தெளிவாகிவிட்டது என்றால் பச்சை. பழைய வீடியோ அறுநூறை ஆட்கள் உட்கார்ந்து பார்த்து, 'இதோ இங்கே தெளிவு' என்று குறித்துக் கொடுத்து, அதை வைத்து மெஷின் படித்திருந்தது. அந்த அறுநூறில் நானூறைக் குறித்தவள் கழுகு. மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் இவள் மூன்று முடித்தாள். குறித்தது தப்பு என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் வெளியே சொன்னதில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மாதமாக விளக்கு கீழே ஆபரேஷன் தியேட்டரிலேயே எரிந்துகொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் அதே தியேட்டரில், அதே விளக்குக்குக் கீழே, நாத்தனாரின் பித்தப்பை வெளியே வரப் போகிறது. பை நிறையக் கல் என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். "பேசிப் பேசிச் சேர்த்தது" என்று அண்ணன்காரன் அபூர்வமாக வாயைத் திறந்து ஒரு ஜோக் சொன்னான்.

எட்டு நிமிஷம் பேசி, பல் தேய்ப்பதையே ஒத்திப்போடலாம் என்று முடிவாகி, கழுகு நாற்காலிக்குத் திரும்பினாள். திரையின் மூலையில் பச்சை எரிந்தது.

அவள் உட்காராமல் அப்படியே நின்றாள். வீடியோ நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. மெஷினைச் சரிபார்ப்பதற்காகப் போட்ட பழைய வீடியோ. ஆபரேஷன் தொடங்கி ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. மஞ்சள் கொழுப்பு படர்ந்து கிடக்கிறது, ஒரு குழாயும் தெரியவில்லை. குழந்தைகூட இதைப் பச்சை என்று சொல்லாது.

ஓட விட்டாள். சிவப்பு. நிறுத்தினாள். மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, வேடிக்கைதான். பூட்டிய அலமாரி ஒன்று தற்செயலாகத் திறந்துகொண்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? வேறு வீடியோவைப் போட்டாள், வேறு இடத்தில் நிறுத்தினாள். பச்சை. கேமரா மட்டும் உள்ளே போய் எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் நிறுத்தினாள். எத்தனை எண்ணினாலும் சிவப்பு. கருவி வந்த இடத்தில் நிறுத்தினாள், பச்சை. கருவியின் முனை மேல் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் வைத்து மறைத்துவிட்டு நிறுத்தினாள், சிவப்பு. கட்டத்தை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. காகிதத்தில் இருபத்தேழு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தபோது விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. மெஷின் குழாயைப் பார்க்கவே இல்லை. கருவி அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

இதை இதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கேள்வி வந்ததும் பதிலும் வந்துவிட்டது. அறுநூறு வீடியோவும் ஒரே கையுடையவை. போன வருஷம் ஓய்வு பெற்ற பெரிய டாக்டரின் கை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் விலக்கி முடித்ததும் பையின் கழுத்தைத் தூக்கி, முன்பக்கம் ஒரு தடவை காட்டுவார், பின்பக்கம் ஒரு தடவை காட்டுவார். அப்புறம் கையை அசைக்காமல் நாலைந்து விநாடி வைத்திருப்பார். கேமரா பிடிப்பவருக்கும் நர்ஸுக்கும் 'பார்த்துக்கோங்க' என்று அர்த்தம். கழுகு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் குழாயையா பார்த்தாள்? வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, டாக்டரின் கையைப் பார்த்தாள். கை நின்றால் 'தெளிவு' என்று தட்டிக் குறித்தாள். கை நின்றால் தெளிவு என்பது ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. அதனால்தான் அவள் குறித்தது ஒன்றும் திரும்பி வரவில்லை.

மெஷின் பெரிய டாக்டரைப் படிக்கவில்லை, அவளைப் படித்திருந்தது. அவள் செய்த குறுக்கு வேலையை அப்படியே, நல்ல மாணவனாக, அட்சரம் பிசகாமல் கற்றுக்கொண்டிருந்தது. அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. கழுகாம் கழுகு.

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனாள். மெஷினைக் கட்டியவர் அவர். நல்ல மனுஷர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். தானே ஒரு வீடியோவை நிறுத்தி, விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பச்சை எரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நாலு மாசமா நாங்க யாரும் வீடியோவை நிறுத்திப் பார்க்கவே இல்ல பாருங்க. ஓடவிட்டேதான் பார்த்தோம்."

"நானும்தான். போன் வந்ததால நிறுத்தினேன்."

"அடுத்த வாரம் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. அது முடியட்டும், உடனே நிறுத்தி மறுபடி பழக்கிடலாம். அதுவரைக்கும்..." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அது வெறும் விளக்குதானேம்மா. வெட்டறது டாக்டர். விளக்கைப் பார்த்து எந்த டாக்டரும் வெட்டமாட்டாங்க."

"நாளைக்கு என் நாத்தனாருக்கு சார்."

பொறியாளர் காகிதத்தை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் போனாள்.

சின்ன டாக்டர் கீழே இரண்டாவது மாடியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் போனபிறகு பித்தப்பையெல்லாம் இவள் தலையில்தான். முப்பத்துநாலு வயசு இருக்கும். கழுகு எதையும் பூசி மெழுகவில்லை. கை நின்றால் பச்சை என்று சொன்னாள், அதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்றும், நாளைக்கு வருவது என் நாத்தனார் என்றும் சொன்னாள். வேலை போகும் என்பதை லிஃப்டில் இறங்கும்போதே நினைத்து முடித்துவிட்டிருந்தாள்.

டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"நான் ஆபரேஷன் நடுவுல எப்போ கையை நிறுத்துவேன் தெரியுமா?"

"தெரியாது டாக்டர்."

"சந்தேகம் வந்தா. பெரிய டாக்டர் தெரிஞ்சதுக்கப்புறம் நிறுத்துவார். நான் தெரியாமத்தான் நிறுத்துவேன். நிறுத்தி நிமிர்ந்து பார்த்தா, மூலையில பச்சை." அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் இல்லை. "ஒரு மாசமா என்ன நினைச்சேன் தெரியுமா? நமக்குக் கை தேறிடுச்சு, சும்மா பயப்படறோம்னு. மெஷினே சொல்லுதேன்னு."

யாரோ ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு சக்கரம் கிறீச்சென்றது.

"நாளைக்கு என் டிவியில விளக்கை அணைச்சுடறேன்," என்றாள் டாக்டர். "ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது, அவங்களுக்கு வீக்கம் ஏறிட்டே போகுது. நீங்க கண்ணாடி ரூம்ல இருங்க. நான் நிறுத்தினா உங்ககிட்ட கேப்பேன்."

கழுகுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் நர்ஸ்கூட இல்ல டாக்டர்."

"வெட்டறதும் விடறதும் என் பொறுப்பு. எனக்கு இன்னொரு ஜோடிக் கண்ணு வேணும், அவ்வளவுதான். நான் முந்நூறு பண்ணியிருக்கேன். நீங்க நானூறு பார்த்திருக்கீங்க."

"நான் பார்க்கலைன்னு சொல்லத்தானே வந்தேன்!"

"அப்போ இப்பப் போய்ப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

அவள் போய்ப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்து, கருவியின் மேல் அந்தக் கறுப்புக் கட்டத்தை வைத்து, கையே தெரியாமல் பார்த்தாள். இரண்டு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவரின் கொழுப்பு வெண்ணெய் மாதிரி விலகுகிறது, இன்னொருவருக்குப் பசை மாதிரி ஒட்டுகிறது. ரத்தக்குழாய் துடிக்கிறது, பித்தக்குழாய் துடிப்பதில்லை. சிலருக்கு ரத்தக்குழாய் முன்னால் வருகிறது, சிலருக்கு ஒளிந்துகொள்கிறது. ஒரு பை மாதிரி இன்னொரு பை இல்லை. வெட்டுவதற்கு முந்தின பகுதியை மட்டும் எடுத்து, பத்தொன்பது வீடியோ பார்த்தாள். இடையில் மூன்று தடவை நாத்தனார் கூப்பிட்டாள், மூன்று தடவையும் எடுத்தாள். விளக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் இதைச் சொல்வதா என்று நினைத்தாள். நினைத்தது சரியா என்று இன்றுவரை அவளுக்கு நிச்சயமில்லை.

மறுநாள் காலையில் ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, உங்க மெஷின் என் வயித்தைப் பார்த்து சிரிக்காம இருக்கணும்," என்றாள். அண்ணன்காரன் தலையாட்டினான். அவன் கையிலிருந்த பேப்பர் தலைகீழாக இருந்ததை யாரும் சொல்லவில்லை.

கண்ணாடி அறை தியேட்டரை ஒட்டி, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடும் அளவுக்கு இருக்கும். தியேட்டரில் ஓடும் படமே அங்கேயும் ஓடும். பேச ஒரு மைக், கேட்க ஒரு ஸ்பீக்கர். டாக்டரின் டிவியில் விளக்கு இல்லை, இங்கே மட்டும் எரிந்தது. நாத்தனாரின் பித்தப்பை சிவந்து உப்பிப் போயிருந்தது. ஒரு மணி நேரம் டாக்டரின் கருவி கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பை விலக்கியது. நடுவில் ஒரு குழாய் தெரிந்தது. மெலிதாக, நேராகப் பைக்குள் போகிற மாதிரி. டாக்டர் அதைத் தூக்கினாள். கருவி நின்றது.

கழுகு எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தாள். மனசு தானாக எண்ணியது. மூன்றில் பச்சை வந்தது.

"நிறுத்தியிருக்கேன்," என்றது ஸ்பீக்கர். "உங்க பக்கம் என்ன எரியுது?"

"பச்சை டாக்டர்."

"எதிர்பார்த்ததுதான். அதை விடுங்க. நீங்க என்ன பார்க்கறீங்க?"

தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. சொன்னால் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடியும், வாயாடி வெளியே வந்துவிடுவாள், தண்ணீர் எப்போது குடிக்கலாம் என்று கேட்பாள். அந்தக் குழாயும் அச்சு அசலாகச் சின்னக் குழாய் மாதிரியே இருந்தது. அவள் மேசையிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்து விளக்கை மறைத்தாள். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குழாயை விட்டுவிட்டு, குழாய்க்குப் பின்னால் பார்த்தாள்.

"ஒரு குழாய் தெரியுது. இன்னொண்ணு தெரியல. பின்பக்கம் முழுக்க மூடியிருக்கு, பை கல்லீரலை விட்டுப் பிரியவே இல்ல." காகிதத்தை விளக்கின் மேல் இன்னும் அழுத்திப் பிடித்தாள். "இது எதுன்னு எனக்குத் தெரியல டாக்டர்."

"எனக்கும் தெரியல," என்றாள் டாக்டர். "அப்போ இதைத் தொடப் போறதில்ல. பையை மேலேருந்து பிரிச்சுட்டு வர்றேன்."

நாற்பது நிமிஷம் ஆயிற்று. பையை மேலேயிருந்து பிரித்துக்கொண்டே வந்தபோது, கொழுப்புக்கு உள்ளே ஒளிந்துகொண்டு, விரல் நகம் அளவுக்கே இருந்த ஒரு குட்டைக் குழாய் வெளிப்பட்டது. பக்கத்தில் ரத்தக்குழாய் துடித்தது. இரண்டு, இரண்டே இரண்டு.

"டாக்டர், அப்போ முதல்ல பார்த்தது?"

"பெரிய குழாய்தான். வீங்கின பை அதை மேல இழுத்து வெச்சிருந்தது." டாக்டர் சின்னக் குழாய்க்குக் கிளிப் போட்டாள். "நேத்து நீங்க வராம இருந்திருந்தா நான் அந்தப் பெரிய குழாய்க்கே கிளிப் போட்டிருப்பேன். அதைச் சொல்லிடறேன்."

கழுகுக்கு அழுகை வந்தது, அதை அடக்க அவள் முயற்சி செய்யவில்லை.

மத்தியானம் வார்டில் நாத்தனார் கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது, நாக்குக்கு மட்டும் மயக்கம் முதலில் தெளிந்தது. "என்ன சொல்லிச்சு உங்க மெஷின்?"

பிறகு சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நேற்றே ஒளித்தது போதும் என்று கழுகு எல்லாவற்றையும் சொன்னாள். கை நின்றால் பச்சை என்பதை, அதைச் சொல்லிக் கொடுத்த ஆள் யார் என்பதை, நேற்று மூன்று தடவை போனில் பேசியும் வாயைத் திறக்காததை. ஈரத்துணியால் நாத்தனாரின் உதட்டை நனைத்துக்கொண்டே சொன்னாள்.

நாத்தனார் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து அண்ணி பார்த்ததில்லை.

"கோவமா?"

"கோவம்தான். அதுக்கு இப்பத் தெம்பில்ல, வீட்டுக்கு வந்து வெச்சுக்கறேன்." மறுபடி கூரையைப் பார்த்தாள். "அண்ணி, எனக்கு முன்னாடி அந்த விளக்குல எத்தனை பேர் படுத்தாங்க?"

"பதினோரு பேர்."

"அவங்களுக்கு அந்தக் கண்ணாடி ரூம்ல யார் இருந்தா?"

கழுகு ஈரத்துணியைக் கிண்ணத்தில் வைத்தாள். அண்ணன்காரனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிலேயே இறங்கினாள்.

கண்ணாடி அறையில் ஏற்கெனவே ட்யூப்லைட் எரிந்தது. சின்ன டாக்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தாளில் பதினோரு நோயாளிகளின் எண், எதிரே அவர்களுடைய போன் நம்பர். முதல் இரண்டுக்கு நேரே டிக் அடித்திருந்தது.

"ரெண்டு பேர் வீடியோவும் சரியா இருக்கு," என்றாள் டாக்டர் திரும்பாமலே. "மூணாவதுல நிறுத்தி வெச்சிருக்கேன். நானே பண்ணினது, நானே பார்த்தா எனக்குச் சரியாத்தான் தெரியும். நீங்க பாருங்க."

கழுகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.